நானூற்றுப் பன்னிரண்டு மிதி

காரைக்காலில் ஹாஜா மைதீனின் பழைய இரும்புக் கடையில்
தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது அது.
கப்பலில் வந்த ஏதோ ஒரு வண்டியின் கியர்பாக்ஸ்.
தானே மாற்றிக்கொள்ளுமாம்,
ஓவர்டிரைவும் உண்டாம்.
தொண்ணூற்றைந்தாயிரம்.
இவர் குனிந்து தட்டிப் பார்த்தார்,
பலாப்பழம் தட்டுவதுபோல்.

ஓவர்டிரைவ் என்றால் என்னவென்று கேட்டேன்.
எஞ்சின் குறைவாகச் சுற்றும்,
சக்கரம் அதிகமாகச் சுற்றும் என்றார் லூர்துராஜ் மேஸ்திரி.
எங்கள் வீட்டில் இதுநாள்வரை நேர்மாறு.

இணைப்புத் தகடு கும்பகோணத்தில் கடைய வேண்டும்.
ஜாயின்ட் ஷாஃப்டில் அரை அடி வெட்ட வேண்டும்.
"நாப்பதாயிரம் ஆகும், எஃப்.சி.யில் கேட்டா
பதில் நீங்கதான் சொல்லணும்."
தொண்ணூற்றிரண்டு மாடல் லாரி
பட்டறை வாசலில் நின்று
கேட்காததுபோல் எண்ணெய் ஒழுக்கியது.

மறுநாள் கிளீனர் பையன் வலங்கைமானுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான்.
அவன் இடத்தில் ஏறினேன்.
கொரடாச்சேரிக் கொள்முதல் நிலையத்தில் இருநூற்றைம்பது மூட்டை,
தஞ்சாவூர் கிடங்குக்கு.
நடைச்சீட்டின் பின்பக்கம் பேனா வைத்துக்கொண்டேன்.
இவர் இடது கால் அமுங்கும்போதெல்லாம் ஒரு கோடு,
நாலுக்குக் குறுக்கே ஐந்தாவது.

உள்ளங்கை மாதிரித் தரை.
மலைப்பாதையில் ஓட்டுகிறவன் பார்த்தால் வயிறெரிவான்.
ஆனாலும் ஒரு மதகு,
மதகு தாண்டினால் பாலம்,
பாதி ரோட்டில் நெல் காய்கிறது,
மீதிப் பாதியில் வாத்துக் கூட்டம் கடக்கிறது,
கடைசி வாத்துக்கு அவசரமே இல்லை.
கோடு. கோடு. கோடு.
ரோஜா புதைந்த கண்ணாடிக் குமிழைப் பிடித்து
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
நாளெல்லாம் நாற்று நடுகிற கை.

மேல் கியரில் போனது
அம்மாப்பேட்டைக்கு அப்புறம், பதினோரு நிமிடம்.

எடை மேடையில் வண்டி நிற்கும்போது கணக்குப் போட்டேன்.
ஓவர்டிரைவால் நடைக்குக் கால் லிட்டர் மிஞ்சும்.
இருபத்துமூன்று ரூபாய்.
வருஷத்துக்கு நூற்றிருபது நடை.
போட்ட பணம் திரும்ப
நாற்பத்தொன்பது வருஷம்.
சிரித்துவிட்டேன். எடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இன்னொரு கணக்கும் இருந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு கோடு.
அதை எதால் பெருக்குவது, எதால் வகுப்பது
என்று தெரியவில்லை.
ராத்திரி முழங்காலில் தைலம் தேய்க்கும்போது
உள்ளே பல் தேய்ந்த சத்தம் என் கைக்குக் கேட்கும்.
லாரி என்றால் திறந்து பார்த்திருப்பார்.

"கால் சும்மா இருந்தா தூங்கிடுவேன்டி" என்கிறார்.
பயமா, கஞ்சத்தனமா,
முப்பது வருஷம் கையில் பழகிய ஒன்றை
இரும்புக் கடைக்காரனிடம் விட மனமில்லையா,
கேட்டால் ஹாரன் அடிப்பார்.

திரும்பும்போது வெறும் வண்டி.
நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்தது,
சரக்கு ரயில் முன்னே போய்ப் பின்னே வந்து
எதையோ மறந்துவிட்டு மறுபடி முன்னே போனது.
எஞ்சினை அணைத்தார்.
இருட்டில் தண்ணீர் இரைச்சல் கேட்டது,
மூணாறு தலைப்பாக இருக்கும்.
அவ்வளவு தூரம் பாய்ந்து வந்த ஆறு
அங்கே பலகைக்குப் பலகை இடறி, மூன்றாய்ப் பிரிந்து,
மெதுவாய்ப் போனால்தான் கடைமடைக்குப் போய்ச் சேரும்.
இதைச் சொன்னால்
பார்த்தியா, உனக்கே புரியுது என்பார்.
சொல்லவில்லை.

செல்போன் அடித்தது. ஹாஜா மைதீன்.
நாகப்பட்டினத்தில் ஒரு படகுக்காரர் கேட்கிறாராம்,
வெள்ளிக்கிழமைவரைதான் வைத்திருப்பாராம்.
சரி பாய் என்றார் இவர்.
சரி என்றால் எதற்குச் சரி?

கேட் ஏறியது.
இரண்டு பக்கமும் நாற்பது வண்டி ஒரே மூச்சில் உறும,
இவர் சாவியைத் திருப்பி, இடது காலை வைத்து,
அமுக்குமுன் ஒரு கணம்
பல்லைக் கடித்தார்.

நானூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன்.
பல்லைக் கடித்ததற்கு
என்ன கோடு போடுவது என்று
பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன்,
மூன்றாம் கியர் விழும்வரை.